வெளிநாட்டிலிருந்தபடி ஊர் வங்கிக் கணக்கைக் காப்பது: சிம் அட்டையிலிருந்து தொடங்குங்கள்

சார்ஜாவுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஊரிலிருந்து கொண்டுவந்த சிம் அட்டையை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். பத்து மாதம் கழித்துப் பணம் அனுப்ப முயன்றபோது ஓடிபி வரவில்லை. அந்த எண்ணுக்கே அழைத்துப் பார்த்தேன். முன்பின் அறியாத ஒருவர் எடுத்து, தமக்கு யாருடைய வங்கிச் செய்திகளோ வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். அவர் நல்லவராக இருந்ததால்தான் என் சேமிப்பு தப்பியது.

ஆகவே முதற்படி, எண். ப்ரீபெய்டு எண் 90 நாட்கள் பயன்பாடின்றிக் கிடந்தால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம்; இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாட்கள் நீட்டிக்கும். துண்டித்த எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். ரோமிங் வசதியோடு எண்ணை உயிருடன் வைத்திருங்கள், அல்லது உங்கள் வங்கி ஏற்குமானால் வெளிநாட்டு எண்ணையே பதிவு செய்யுங்கள். இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் நான் இடறிய இடமும் அதுதான்: இணைய வங்கியில் எண்ணை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன், பற்று அட்டைக்கான ஓடிபி மட்டும் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. எனவே எண்ணை மாற்றியபின் இணைய வங்கி, அட்டை, யுபிஐ ஆகிய மூன்றிலும் தனித்தனியே பத்து ரூபாய் செலுத்திச் சோதியுங்கள். சிம்மைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஓடிபியை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, பணத்தைப் பிரியுங்கள். சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வாழ்வோர் தம் இந்திய வருமானத்தை வைக்கும் கணக்கு) மாற்றுவது எப்படியும் கட்டாயம். அதில் வீட்டுச் செலவுக்கான தொகையை மட்டும் வைத்து, யுபிஐயை அதனோடு இணையுங்கள். சேமிப்பு முழுவதும் அட்டையோ யுபிஐயோ இணைக்கப்படாத என்ஆர்ஈ கணக்கில் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை வைக்கும் கணக்கு) இருக்கட்டும். அமீரகம், சிங்கப்பூர் உள்ளிட்ட பத்து நாடுகளின் எண்களில் யுபிஐ பெற 2023இலேயே அனுமதி வந்துவிட்டது.

அட்டைகளில் இணையவழி, வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளை வங்கிச் செயலியிலேயே நிறுத்தி வைக்கலாம். தேவைப்படும்போது திறந்து, உடனே மூடிவிடுங்கள். வங்கியின் பெயரில் வரும் இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இந்திய வங்கிகளின் இணைய முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ (.bank.in) என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

பணம் போய்விட்டால் நேரமே முக்கியம். உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் அளிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையதே. 1800 என்று தொடங்கும் எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், வங்கியின் +91 எண்ணை இன்றே சேமித்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவரை இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகாரைப் பதியச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: மஸ்கட்டில் உள்ள நண்பர் ஒருவரின் இந்திய எண்ணில் இரண்டு நாட்களாகச் சமிக்ஞை இல்லை, ரோமிங் கோளாறு என்று அவர் எண்ணியிருந்த வேளையில், அவர் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருந்தார். சில மணி நேரம் சமிக்ஞை இல்லாவிட்டாலும், முதலில் இணைய வங்கியை முடக்கச் சொல்லிவிட்டு, அதன்பின் சிம் நிறுவனத்தை அழையுங்கள்.