அற்புத பானத்தை வாங்குமுன் லேபிளைப் படியுங்கள்

சர்க்கரை நோயை வேரோடு ஒழிக்கும் என்று சொல்லி யாரேனும் ஒரு பானத்தைப் பரிந்துரைத்தால், முதலில் அந்த விளம்பரத்தையும் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். வாட்ஸ்அப் காணொளியில் அடித்துச் சொல்லப்படும் வாக்குறுதி பெரும்பாலும் பாட்டிலில் இருக்காது. சர்க்கரை நோய், புற்றுநோய், உடல் பருமன் போன்றவற்றைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உணவுப் பொருளைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்தால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அச்சில் போடத் துணியாததை வாய்வார்த்தையாக விற்கிறவரை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

லேபிளில் உள்ள 14 இலக்க எண்ணைக் காட்டி, அரசே அங்கீகரித்த பானம் என்பார்கள். அது உணவுத் தொழில் நடத்துவதற்கான உரிம எண் மட்டுமே. நோய் குணமாகும் என்பதற்கான சான்று அன்று.

அடுத்து, மூலப்பொருள் பட்டியலைப் பாருங்கள். எடை மிகுந்த பொருள் முதலிலும் குறைந்தது கடைசியிலும் வர வேண்டும் என்பது விதி. பெயரில் கொட்டை எழுத்தில் இருக்கும் மூலிகை பட்டியலின் அடியில் ஒதுங்கியிருக்க, சர்க்கரையோ திரவ குளுக்கோஸோ மேலே இருந்தால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது விளங்கிவிடும். குழந்தைகளுக்கான மால்ட் பவுடரில் 100 கிராமுக்கு 35 கிராம் சர்க்கரை என்றிருந்தால், 20 கிராம் பவுடர் கலக்கும் ஒவ்வொரு தம்ளரிலும் 7 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்கிறது. பாலுடன் கலந்தால் கிடைக்கும் புரதம் என்று தனிக் கணக்கு போட்டிருந்தால், அதில் பெரும்பங்கு பாலிலிருந்தே வருகிறது. 'ஹெல்த் டிரிங்க்' என்றொரு வகை உணவுச் சட்டத்திலேயே இல்லாததால், இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பில் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

இயற்கையானது, பக்க விளைவே இல்லை என்ற பேச்சில்தான் ஆபத்து அதிகம். அரளி விதையும் இயற்கையானதுதான். நோனி என்ற பழத்தின் சாற்றில் உள்ள பொட்டாசியம், சிறுநீரகம் பழுதானவர்களின் இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். கசக்கும் சுரைக்காயின் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு. ஒரு வாய் கசந்தாலும் கொட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, பானத்தை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்திவிடுவது. வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே குடிக்கத் தொடங்கியிருந்தால், அவர்களைக் கடிந்துகொள்ளாமல், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். அதுவரை மருந்து ஒருவேளையும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.