கேஸ் நின்னாச்சு என்று கிளம்பிவிடாதீர்கள்: மனநல வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் மனநலம் பாதித்தவரின் வழக்குக் கட்டு ஒன்று கைக்கு வந்ததும் இளம் வக்கீல்கள் செய்கிற தவறுகளில் பாதி, எங்கள் தலைமுறை ஜூனியராக இருந்தபோது செய்தவைதான். வக்காலத்தில் கையெழுத்து விட்டுப்போவது, வாய்தா தேதியைத் தப்பாகக் குறிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சீனியர் திட்டித் திருத்திவிடுவார். யாரும் திட்டாமல் விடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் குழப்புவது

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 22, அதாவது பழைய இ.பி.கோ. 84, கேட்பது சம்பவம் நடந்த நேரத்தைப் பற்றி. தான் என்ன செய்கிறோம் என்றோ, அது தப்பு என்றோ தெரியாத அளவுக்கு அப்போது மனநிலை குலைந்திருந்ததா? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 கேட்பது இன்றைய நிலையை. கூண்டில் நிற்பவருக்கு வழக்கு புரிகிறதா, தன் தரப்பைச் சொல்ல முடியுமா?

இரண்டுக்கும் ஒரே பதில் வர வேண்டியதில்லை. சம்பவத்தன்று தெளிவாக இருந்தவர் ஜெயிலில் உடைந்துபோகலாம். அன்று காதில் குரல் கேட்டு அடித்தவர், மாத்திரை சாப்பிட்டு இன்று நம்மைவிட நிதானமாகப் பேசலாம். இன்றைய மருத்துவ அறிக்கையை வைத்துக்கொண்டு 22-ஐ வாதாட எழுந்தால் அரசு வக்கீலுக்கு வேலை மிச்சம்.

22-ஐ நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று தயாபாய் தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது.

பழைய ஓ.பி. சீட்டுகளைக் கேட்காமல் விடுவது

கசங்கியிருந்தாலும் வாங்கி வையுங்கள். சம்பவத்துக்கு முன்பே சிகிச்சை நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மனு போட்டதோடு மறந்துவிடுவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான்.

368-இல் மனு போடுகிறார்கள். நீதிமன்றம் மனநல மருத்துவரின் அறிக்கையைக் கேட்கிறது. விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்று அறிக்கை வருகிறது. விசாரணை தள்ளிவைக்கப்படுகிறது. ஜூனியர் வெளியே வந்து, "கேஸ் நின்னாச்சு சார்" என்கிறார், ஏதோ ஜெயித்துவிட்ட முகத்தோடு. நின்றது வழக்கு மட்டும்தான். ஆள் உள்ளேதான் இருக்கிறார்.

நான் பார்த்த ஒரு வழக்கு, சைக்கிள் திருட்டு. அதிகபட்சத் தண்டனையே 3 ஆண்டுகள்தான். விசாரணை தள்ளிப்போய், ஆளை அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் தேறிவிட்டார். வழக்கை நடத்தலாம் என்று அங்கிருந்து கடிதமும் வந்தது. அதற்குள் கட்டு நீண்டகால நிலுவை அலமாரிக்குப் போயிருந்தது. வந்த கடிதத்தைத் தபால் கோப்பில் குத்திவைத்ததோடு சரி. மனு போட்ட ஜூனியர் வேறு ஊருக்கு பிராக்டிஸை மாற்றிக்கொண்டார். உள்ளே இருந்தவரின் அம்மா மட்டும் வராண்டாவில் வந்து உட்கார்ந்து, போகிற வருகிற கறுப்புக் கோட்டையெல்லாம் நிறுத்தி, "எம்புள்ள கேஸ எப்பங்க கூப்புடுவாங்க?" என்று கேட்பார். முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால்கூட அந்த ஆள் எப்போதோ தண்டனையை முடித்து வீட்டில் இருந்திருப்பார்.

ஒரு ஊரில் எப்போதோ நடந்தது என்று நினைக்காதீர்கள். அசாமில் மச்சாங் லாலுங் 1951-இல் கைதானவர். விசாரணையே நடக்காமல், 2005-இல்தான் வெளியே வந்தார். 54 ஆண்டுகள். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகுதான் அந்தக் கட்டைத் தேடி எடுத்தார்கள்.

இத்தனைக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. தள்ளிவைக்கும் முன், அரசுத் தரப்பு ஆவணங்களைப் பார்த்து, நம் வாதத்தையும் கேட்டு, முகாந்திரமே இல்லை என்றால் அங்கேயே விடுவிக்க வேண்டும் என்று அதே 368 சொல்கிறது. இதைக் கேட்டு வாதாடும் ஜூனியரைப் பார்ப்பதே அபூர்வம். அடுத்து 369. ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும், உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை, வெளிநோயாளியாகச் சிகிச்சைக்கு அழைத்துப்போகிறேன், யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினரோ நண்பரோ பொறுப்பேற்றால் விடுவிக்கலாம். இந்தக் கோரிக்கையையும் 368 மனுவோடு சேர்த்தே கொடுங்கள். உறவினரையும் அன்றே அழைத்து வாருங்கள்.

அப்புறம், சிகிச்சைக்குத் தேவை என்று மனநல மருத்துவர் சொல்கிற காலத்துக்குத்தான் விசாரணையைத் தள்ளிவைக்க முடியும். வெறுமனே "தள்ளிவைக்கப்பட்டது" என்று உத்தரவு வந்தால், அடுத்த அறிக்கை எந்தத் தேதிக்கு என்று எழுந்து நின்று கேளுங்கள். தேதி போடாமல் எழுதுகிற நீதிமன்றமும் இந்தக் குற்றத்தில் பாதிப் பங்காளி. நான் ஆஜரான நடுவர் (மாஜிஸ்திரேட்) ஒருவர் இத்தகைய கட்டுகளை அலமாரிக்கே அனுப்ப மாட்டார். தன் மேசையின் இடது ஓரத்தில் அடுக்கிவைத்து, மாதத்துக்கு ஒருமுறை பெஞ்ச் கிளார்க்கைக் கூப்பிட்டு, அறிக்கை வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வராத மருத்துவமனைக்கு அன்றே நினைவூட்டல் போகும். தனிச் சட்டமோ தனி நிதியோ அதற்கு வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒரு நடுவர் வாய்க்காத இடத்தில் அந்த வேலை உங்களுடையது. ஆள் தேறியதும் வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி 370-இல் நீங்களே மனு போடுங்கள்.

நிற்கும் விதத்தை வைத்து எடைபோட விடுவது

மனநோய்க்கான ஹாலோபெரிடால் போன்ற மருந்து சாப்பிடுகிறவர் சிலருக்குக் கை நடுங்கும். சிலரால் ஒரே இடத்தில் நிற்க முடியாது, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்கள். வேறு சில மாத்திரைகளில் நாக்கு வறண்டு பேச்சு குழறும், தூக்கம் அள்ளிக்கொண்டு போகும். மேடையிலிருந்து பார்ப்பவருக்கு இது திமிராகவோ நடிப்பாகவோ தெரியும். "ஒழுங்கா நிக்கத் தெரியாதா?" என்று அதட்டல் வந்த பிறகு விளக்கிப் பயனில்லை. என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று முன்கூட்டியே ஒரு மெமோ கொடுத்து, வழக்கை முதலிலேயே கூப்பிடவும் அவரை உட்காரவைக்கவும் கேளுங்கள். பெரும்பாலான நீதிபதிகள் மறுக்க மாட்டார்கள். கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

பத்து நாளை எண்ணாமல் விடுவது

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 102-இன்படி மனநிலை மதிப்பீட்டுக்காக ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க நடுவர் போடும் உத்தரவு 10 நாளைத் தாண்டக் கூடாது.

தற்கொலைக்கு முயன்றவருக்காகக் கெஞ்சுவது

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இ.பி.கோ. 309 புதிய சட்டத்தில் இல்லை. எதற்குக் கெஞ்சுகிறீர்கள்?

விடுதலை என்றதும் கோட்டைக் கழற்றுவது

22-இன்படி விடுதலையானால் ஆள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்று தீர்ப்பில் குறிப்பிட்டாக வேண்டும். செய்தார் என்றால், 374-இன்படி அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கலாம், இல்லாவிட்டால் உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்கலாம். ஒப்படைக்க அவர்களிடமிருந்து மனு வர வேண்டும், பிணையும் கொடுக்க வேண்டும். அண்ணன் வருவாரா, மாட்டாரா என்பதைத் தீர்ப்புக்கு முந்தைய வாரமே பேசி முடித்துவிடுங்கள். பிணைப் பத்திரத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு சொல்லி முடித்த பிறகு போன் போட்டால் அண்ணன் எடுக்க மாட்டார்.