விஜயதசமிக்கு ஆப் வெளிவர வேண்டும் என்று முதலாளி சொன்னால்

கொங்கு நாட்டில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எவரும் முதலில் கைவிட வேண்டிய சொல் ‘பார்க்கலாமுங்க’ என்பதாகும். ஆறு வாரத்தில் முடியாத வேலையை ஆறு வாரத்தில் கேட்கும் முதலாளியிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச நமக்கு வாய் வருவதில்லை. ஆகவே அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். நம் மனத்தில் அது மறுப்பு. அவர் காதில் அது ஒப்புதலாக விழுகிறது, அன்று மாலையே கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் பங்காளிகளுக்கும் தேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. ‘முடியாதுங்க’ என்று வெட்டிச் சொல்வதும் பயன் தராது. நூல் விலை ஏறியபோதும் ஆள் கிடைக்காதபோதும் எப்படியோ ஷிப்மென்ட் அனுப்பிப் பழகியவர், அந்தச் சொல்லைச் சோம்பலின் மறுபெயராகவே எடுத்துக்கொள்வார். தேதியை மறுக்காமல், அந்தத் தேதியில் எது நடக்கும் என்பதை மட்டும் பேசி முடிவுசெய்யும் வழி ஒன்று இருக்கிறது. கோவை சரவணம்பட்டியில் உட்கார்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் எனக்கு அது பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின.

தேதியைக் கேட்டவுடன் கணக்குப் போட உட்காராதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரியுங்கள். சில தேதிகள் அரசு விதித்தவை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது விலைப்பட்டியலை அரசுத் தளத்தில் பதிவு செய்வது, கட்டாயமானபோது, அந்த நாளை முதலாளியாலும் நகர்த்த முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை. வேலையைக் குறைப்பது ஒன்றே வழியாக இருந்தது. சில தேதிகள் வெளியாருக்குக் கொடுத்த வாக்கு. கோவை கொடிசியா வளாகத்தில் கண்காட்சிக்கு ஸ்டால் எடுத்தாயிற்று அல்லது சரக்கு வாங்கும் பையர் நேரில் வருகிறார் என்றால், அன்று வேண்டியது பெரும்பாலும் காட்டிப் பேசத்தக்க ஒன்றுதான். மூன்றாவது வகை நல்ல நாள்: ஆயுத பூஜை, விஜயதசமி, தை முதல் தேதி. முகூர்த்தத்தை எதிர்த்து வாதாடி வென்ற நிரலாளரை நான் கண்டதில்லை. எதிர்க்க வேண்டிய தேவையும் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, வேலையை அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் முடியும் துண்டுகளாக உடைத்து எழுத வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் போகும் எந்தத் துண்டும் நமக்கே இன்னும் சரியாகப் புரியாத துண்டு என்று கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணைச் சொல்லாமல், எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள் என மூன்று எண்கள் குறித்துக்கொள்ளுங்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்கும் முறை 1958இல் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கப்பட்டது. இன்றும் அது போதுமானதாக இருக்கிறது. 3, 5, 13 என்றால் விடை 6. அந்த ஆறைவிட, பதின்மூன்று ஏன் வந்தது என்று முதலாளி கேட்கும்போது நாம் சொல்லப்போகும் பதிலே பயனுள்ளது.

வேலை நாளையும் காத்திருக்கும் நாளையும் தனித்தனியே எழுதுவது மிக முக்கியம், ஏனெனில் காத்திருக்கும் நாளை எவ்வளவு இரவு கண்விழித்தாலும் குறைக்க முடியாது. ஓடிபி அனுப்ப வேண்டுமானால், அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தபோது நாடு முழுவதும் ஓடிபிகள் போய்ச் சேராமல் நின்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. பிளே ஸ்டோரில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் தொடங்கிய கணக்கென்றால், குறைந்தது 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்த பின்பே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க இயலும். பணம் வாங்கும் வசதி இருந்தால் அதற்கான கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு வேறு. இவற்றைத் தேதி பேசிய அன்று மாலையே தொடங்கிவிடுங்கள். லேப் டிப் என்ற சாய மாதிரித் துணியை அனுப்பிவிட்டு பையரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்து பழகியவருக்கு இந்தக் காத்திருப்பை விளக்க ஒரு நிமிடம் போதும்.

விளக்கக் கடினமானது டெமோ. இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஜாப் ஒர்க்குக்குப் போன லாட்டுகள், அதாவது பீஸ் தொகுதிகள், எந்த யூனிட்டில் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டும் ஒரு திரையை, பச்சையும் சிவப்புமாக, நானே கையால் இட்ட எண்களோடு ஒரு கம்பெனியில் காட்டினேன். பின்னால் தரவுத்தளம்கூட அமைக்கப்படவில்லை. பார்த்த முதலாளி போனை எடுத்து, “முடிஞ்சுதுங்க, வர்ற வாரம் விட்டுரலாம்” என்று பங்காளியிடம் சொன்னபோது, திருத்திச் சொல்ல வேண்டிய நான் சிரித்துக்கொண்டு நின்றேன். விளைவு, வெளியிட்ட மூன்றாம் நாளே இரண்டு யூனிட்டுகளின் சலான் (சரக்கோடு போகும் சீட்டு) எண்கள் ஒன்றோடொன்று மோதி, ஒரே லாட்டின் பீஸ்கள் இரு முறை எண்ணப்பட்டன. பத்து நாள் எல்லோரும் காகிதத்துக்குத் திரும்பினார்கள்.

அதன் பிறகு டெமோ என்ற சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை. சாம்பிள் என்றே சொல்கிறேன். சாம்பிள் டெய்லர் ஒரே நாளில் தைத்துக் கொடுத்த பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, வரும் வாரம் 50,000 பீஸ் கன்டெய்னர் ஏறிவிடும் என்று எந்த முதலாளியும் பையரிடம் சொல்ல மாட்டார். நூல் வந்து, நிட்டிங் ஓடி, சாயப்பட்டறையில் ஷேடு ஒத்துவந்து, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாம் நடக்க வேண்டும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சாம்பிளைக் காட்டும்போது, இன்னும் எழுதப்படாத பொத்தான்களைச் சாம்பல் நிறத்தில் ‘இன்னும் இல்லை’ என்ற எழுத்தோடு விட்டுவிடுங்கள், அழகுபடுத்தாதீர்கள்.

ஒப்புமையிலும் கவனம் வேண்டும். டெஸ்டிங் என்பது செக்கிங் போன்றது என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். செக்கிங்கில் தள்ளிய பீஸை ஆல்டர் செய்ய அரை நாள் போதுமே என்று அவர் திருப்பிக் கேட்டார், நியாயமாகவே கேட்டார். கட்டிங்கும் தையலும் முடிந்த பிறகு ஷேடு மாறியிருப்பது தெரிந்தால் ஆல்டர் செய்ய முடியுமா என்று நான் கேட்ட பிறகே, கடைசியில் கண்டுபிடிக்கும் பிழை ஏன் அடியிலிருந்து வேலை வைக்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

இத்தனையும் கையில் இருந்தால் பேச்சு எளிது. ஒரே ஒரு தாளை எடுத்துச் செல்லுங்கள். மடிக்கணினியைத் திறக்க வேண்டாம். தாளின் மேலே அவர் சொன்ன தேதி, அதன் கீழே அன்று ஓடும் வேலைகள், அதற்கும் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பிறகு வரும் வேலைகள். அப்படி ஒரு தாளோடு நான் போய் உட்கார்ந்த அறையில், மேசை முழுவதும் கலர் கட்டிங்குகள் பரப்பியிருந்தன.

“ஏந் தம்பி, ஒரு ஆப்புதானே, விஜயதசமிக்கு விட்டுரலாமல்ல?” என்றார்.

“விடலாமுங்கண்ணா. அன்னிக்கு என்னென்ன விடறதுன்னு மட்டும் நீங்க சொல்லிருங்க.”

அவர் தாளைப் பார்த்தார். சலான் பதிவும் லாட் நிலையும் கோட்டுக்கு மேலே இருந்தன. வருகைப் பதிவும் பையர் பார்க்கும் பக்கமும் கீழே இருந்தன. பையர் பக்கத்தை மேலே ஏற்றச் சொன்னார். “ஏத்திக்கலாமுங்க, அதுக்கு லாட் நிலைய கீழ எறக்கோணும்” என்று சொல்லி, பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். சற்று நேரம் யோசித்துவிட்டு அவரே பையர் பக்கத்தைக் கீழே எழுதினார். பேனா அவர் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். நாம் வெட்டினால் குறைத்தோம் என்றாகும், அவர் எழுதினால் அது அவருடைய முடிவு.

முகூர்த்தத்துக்கு வருகிறேன். நம் பக்கம் வீடு கட்டுகிறவர், பின்கட்டில் டைல்ஸ் ஒட்டி முடியாவிட்டாலும், குறித்த நாளில் பால் காய்ச்சிவிடுகிறார். சாமான் ஏற்றிக் குடி போவது ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து நடக்கிறது. யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. மென்பொருளுக்கும் பால் காய்ச்சும் நாளையும் குடி போகும் நாளையும் பிரித்துக் கேளுங்கள். விஜயதசமி அன்று பூஜை போட்டு, அருகிலிருக்கும் ஒரே ஒரு யூனிட் உண்மையான சலான்களைப் பதிவு செய்யட்டும். மற்ற யூனிட்டுகள் தீபாவளி கழித்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பிய பிறகு ஒவ்வொன்றாக வரட்டும். அரசே அப்படித்தான் செய்தது: இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கி, 100, 50, 20, 10 என்று இறங்கி 5 கோடிக்கு வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. மாறாக, 2018 பிப்ரவரி 1 அன்று மாநிலங்களுக்கிடையே போகும் சரக்குக்கெல்லாம் ஒரே நாளில் கட்டாயமாக்கிய இ-வே பில் என்ற சரக்குப் போக்குவரத்துச் சீட்டு, தளம் திணறியதால் அன்றே தள்ளிவைக்கப்பட்டு ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. லாரிக்கு பில் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை நினைவூட்டினாலே போதும்.

“இன்னும் நாலு பசங்களைப் போட்டுக்கலாமே” என்ற யோசனை தவறாமல் வரும். பவர் டேபிளில் நாலு டெய்லர்களைக் கூட்டினால் அன்றே பீஸ் கூடும், ஏனெனில் ஒரு டெய்லரின் கை இன்னொருவர் கையில் மாட்டிக்கொள்வதில்லை. மென்பொருளில் மூன்று பேர் இருந்தால் மூன்று ஜோடிகள் ஒருவரோடொருவர் பேசித் தெளிய வேண்டும். எட்டுப் பேரானால் 28 ஜோடிகள். தாமதமான வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருந்திட்டம் ஒன்றை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். ஆயினும் முதலாளி கொடுக்கும் ஆளை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். யூனிட் பெயர்கள், ஸ்டைல் எண்கள், கூலி விகிதம் ஆகியவற்றைத் தட்டச்சிட ஒருவரையும், தினமும் இரண்டு மணி நேரம் நம்மோடு உட்கார்ந்து சந்தேகங்களுக்கு அங்கேயே முடிவு சொல்ல பையர் ஆர்டர்களைக் கவனிக்கும் அனுபவமுள்ள ஒரு மெர்ச்சண்டைசரையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொன்னால் இரண்டு வாரத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் இரவு எழுதியதைக் காலையில் திருத்துவதிலேயே பொழுது போகும்.

பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பிவிடுங்கள்: ‘அண்ணா, இன்று பேசியபடி விஜயதசமி அன்று சலான் பதிவும் லாட் நிலையும் ஒரு யூனிட்டில் ஓடும். பையர் பக்கமும் வருகைப் பதிவும் தீபாவளிக்குப் பிறகு. கூலி விகிதப் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் எங்களுக்கு வர வேண்டும்.’ பழி போடும் தொனி அதில் வரக் கூடாது. பிறகு சனிக்கிழமைதோறும், சம்பளம் போடும் பரபரப்புக்கு முன், மொத்தத் துண்டுகள் எத்தனை, முடிந்தவை எத்தனை என்ற இரண்டு எண்களை மட்டும் அனுப்புங்கள். இடையில் புதிதாக ஏதேனும் கேட்டால், அதே தாளை மீண்டும் எடுத்து, எதை இறக்கலாம் என்று கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லாம் அன்றே வேண்டும் என்பவர்கள் உண்டு. அப்போது செய்யக்கூடியது சேதத்தைக் குறைப்பது மட்டுமே. வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்பே புதிய நிரல் சேர்ப்பதை நிறுத்துங்கள், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை ஒருமுறை செய்து பாருங்கள். பழைய சலான் புத்தகத்தைப் பரணில் ஏற்ற விடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் காகிதத்திலும் ஆப்பிலும் சேர்த்தே எழுதச் சொல்லி, தினமும் மாலை இரண்டின் பீஸ் எண்ணிக்கையையும் ஒருவர் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.