பழைய காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றுதல்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

காரின் புகைக்குழாயில் அமர்ந்து, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. எஞ்சினில் இருக்கும் வேறொரு கோளாறுதான் அதைக் கெடுக்கிறது. அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் பொருத்தினால், பழையதற்கு நேர்ந்ததே புதியதற்கும் நேரும். ஆகவே இந்த விளக்கத்தில் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கன்வெர்ட்டரின் எஃகு உறைக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. அதன் நுண்ணிய துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. பெட்ரோல் எஞ்சினின் புகை இத்துளைகள் வழியே செல்லும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாத எரிபொருள் ஆவி நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜனாகப் பிரிகின்றன. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே இந்த வேலை ஒழுங்காகத் தொடங்கும்.

ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதாகி, சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் வந்துவிட்டால், அது கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டினால் பூச்சு செயலிழக்கத் தொடங்குகிறது. அதற்கும் மேலே ஏறினால் பீங்கானே உருகிவிடும். நான் முதன்முதலில் கழற்றிய கன்வெர்ட்டரின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரங்களில் சதுரத் துளைகள் வரிசையாக இருந்தன; நடுவில் மட்டும் அவை உருகி, மெழுகு வழிந்து உறைந்ததுபோல் பளபளவென்று அடைத்துக்கொண்டிருந்தன. பல மாதங்களாக விட்டுவிட்டு உதறிய ஒரு சிலிண்டரின் விளைவு அது. எஞ்சின் ஆயில் எரிவது, சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்க இடையே வைக்கும் தகடு) வழியாகக் கூலன்ட் கசிவது, இன்ஜெக்டர் ஒழுகிப் பெட்ரோல் அதிகமாக இறங்குவது ஆகியவையும் இதே அளவுக்கு ஆபத்தானவை.

முதல் படி: கெட்டுவிட்டதா என்று உறுதி செய்தல்

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்து, காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0420 என்ற குறியீடு வந்தால், முதல் சிலிண்டர் இருக்கும் பக்கத்துக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதாகக் காரின் கணினி கருதுகிறது என்று பொருள். வி வடிவ எஞ்சினில் மறுபக்கத்துக்கு உரியது பி0430. இந்தக் குறியீடு ஐயத்தைச் சொல்கிறதே தவிர, தீர்ப்பைச் சொல்வதில்லை. இதை மட்டும் நம்பி உடனே புதிய கன்வெர்ட்டர் வாங்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

எஞ்சின் நன்றாகச் சூடான பின், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் அளவுகளையும் ஸ்கேனரில் பாருங்கள். பழைய கார்களில் பெரும்பாலும் உள்ள சாதாரண வகைச் சென்சாராக இருந்தால், கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே வேகமாக ஏறி இறங்க வேண்டும். பின்னால் இருப்பது 0.6 அல்லது 0.7 வோல்ட் அருகே ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். பின்னால் உள்ளதும் முன்னால் உள்ளதைப் போலவே ஏறி இறங்கினால், கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. அப்போதும், சென்சாருக்கு அருகே குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் இதே தோற்றம் வரும் என்பதால், இணைப்புகளைச் சுற்றிக் கரிப்படிவு தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வண்டி மேடேறத் திணறுகிறது, வேகம் எடுக்கவில்லை என்றால் அடைப்பு இருக்கக்கூடும். முன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் எஞ்சினை ஓட்டும்போது அழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் அடைப்பு இருப்பதாகக் கொள்ளலாம். குழாய் முழுவதும் ஆறிய நிலையில், ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை மெல்லத் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கிறதா? பீங்கான் உடைந்துவிட்டது, அதற்கு மேல் சோதனை தேவையில்லை.

மூலக் கோளாறைச் சரிசெய்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: சரியான பாகம்

உங்கள் காரின் மாடல், ஆண்டு, எஞ்சின் அளவு ஆகியவற்றுக்கென்றே செய்யப்பட்டு, போல்ட்டில் மாட்டக்கூடிய கன்வெர்ட்டரை வாங்குங்கள். வெட்டி வெல்டிங் செய்து பொருத்தும் பொதுவகை விலை குறைவு என்றாலும், அது வெல்டிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாயைப் போடுவது பல நாடுகளில் சட்டவிரோதம். அதைவிட முக்கியமாக, பிறர் சுவாசிக்கும் காற்றில் விஷம் கலக்கும் செயல் அது. கூடவே புதிய கேஸ்கெட்டுகள், நட்டு போல்ட்டுகள் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கழற்றுதல்

ஓடிய வண்டியின் கன்வெர்ட்டர் ஆற வெகுநேரம் பிடிக்கும் என்பதால், வண்டியை முதல்நாள் இரவே நிறுத்திவிட்டு, துருப்பிடித்த போல்ட்டுகளின் மீது துருநீக்கி எண்ணெயைத் தாராளமாக அடித்து வையுங்கள். மறுநாள் சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, தூசு முகமூடி மூன்றும் வேண்டும். பேட்டரியின் எதிர்மின் (−) முனை வயரைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் சென்சார்களின் வயர் இணைப்பை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சென்சார் சாக்கெட்டால் அவற்றைக் கழற்றுங்கள். அடுத்தது போல்ட்டுகள். பன்னிரண்டு முனைச் சாக்கெட் துருப்பிடித்த தலையை மழுக்கிவிடும். ஆறு முனைச் சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். நீண்ட கைப்பிடியைப் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கமாக மிகச் சிறிதளவு அழுத்தி, பிறகு தளர்த்தும் பக்கமாகத் திருப்புங்கள். துருவின் பிடி விடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பின்னும் ஒரேயடியாகச் சுழற்றாமல், கால் சுற்று தளர்த்தி, சற்றே இறுக்கி, எண்ணெய் விட்டு மீண்டும் தளர்த்துங்கள். சத்தமே இல்லாமல் போல்ட் களிமண்போல் குழைந்து சுழல்வதாக உணர்ந்தால் உடனே நிறுத்துங்கள். அது முறுகி உடையப்போகிறது. சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பதிந்த ஸ்டட் (தலையில்லாத போல்ட்) உடைந்தால் அதைத் துளையிட்டு எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த இடத்தில் பொறுமைக்குச் செலவிடும் ஒரு மணி நேரம் வீணல்ல.

கடைசி போல்ட்டை எடுப்பதற்கு முன் கன்வெர்ட்டரின் அடியில் ஒரு ஜாக்கியையோ கட்டையையோ முட்டுக்கொடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: பொருத்துதல்

இணைப்பு முகங்களில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேய்த்தெடுங்கள். புதிய கன்வெர்ட்டரின் உறையில் உள்ள அம்புக்குறி, புகை செல்லும் திசையை, அதாவது எஞ்சினிலிருந்து சைலன்சர் பக்கமாகக் காட்ட வேண்டும். எல்லாப் போல்ட்டுகளையும் கையால் மாட்டி, ரப்பர் தொங்கிகளில் குழாய் இயல்பாகத் தொங்குகிறதா, உடற்பகுதியில் எங்காவது உரசுகிறதா என்று பார்த்த பிறகே, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் சீராக இறுக்குங்கள். இறுக்கும் அளவைக் காரின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். சிலிகான் பசையைத் தொடவே வேண்டாம். அதன் ஆவி சென்சாரையும் பூச்சையும் கெடுக்கும். சென்சாரின் மரையில் மட்டும், அது இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பிடிப்புத் தடுப்புப் பசையை (ஆன்டி-சீஸ்) மெல்லத் தடவுங்கள். முனையில் ஒரு பொட்டும் படக்கூடாது. புதிய சென்சார்களில் அது பெரும்பாலும் தடவியே வரும். வெப்பத் தடுப்புத் தகடுகளையும், கழற்றிய சென்சார், பேட்டரி வயர்களையும் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

ஐந்தாம் படி: சோதனை

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். உறையில் படிந்த எண்ணெய் எரிவதால் லேசான புகையும் வாடையும் முதல் சில நிமிடங்கள் இருக்கும். இணைப்புகளில் ‘புஸ் புஸ்’ என்ற சத்தம் கேட்டால் அணைத்து, ஆறவிட்டு, மீண்டும் இறுக்குங்கள். பிறகு ஸ்கேனரால் குறியீட்டை அழியுங்கள். கணினி தன் சோதனையை மறுபடி செய்து முடிக்கச் சில நாள் வழக்கமான ஓட்டம் தேவைப்படலாம் என்பதால், ஸ்கேனரில் கேட்டலிஸ்ட் மானிட்டர் (கன்வெர்ட்டருக்கான அந்தச் சோதனை) ‘தயார்’ என்று காட்டும்வரை புகைப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், குழாய் குளிர்ந்த நிலையில், எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

கழற்றிய பழையதை உடைத்துப் பார்க்க வேண்டாம். பீங்கான் தூசு நுரையீரலுக்குக் கேடு. உள்ளே இன்னும் விலைமதிப்புள்ள உலோகம் இருப்பதால், உரிமம் பெற்ற மறுசுழற்சி நிலையத்தில் அதை முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.