சீனாவுக்கு வைன் அனுப்ப நினைக்கிறீர்களா? முதலில் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள்

போன மாதம் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் முந்திரிகைப் பந்தல் போட்டிருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, சீனாக்காரர் இப்ப வைன்தான் குடிக்கிறாங்களாம், வருசா வருசம் விற்பனை கூடுதாம், எங்கட முந்திரிகையில ஒரு வைன் செய்து அனுப்பினா என்ன?" என்று கேட்டார். போனில் ஒரு வரைபடமும் வைத்திருந்தார், கோடு தென்னைமரம் மாதிரி நேரே மேலே ஏறுகிறது. நல்ல கேள்வி, இதே கேள்வியை வேறு இரண்டு மூன்று பேரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, யாராவது வரைபடம் காட்டினால் அது எந்த ஆண்டில் முடிகிறது என்று பாருங்கள். தம்பியின் படம் 2013 உடன் முடிந்திருந்தது. அந்த ஆண்டு ஹொங்கொங்கையும் சேர்த்துச் சீனா 186 கோடிப் போத்தல் சிவப்பு வைன் குடித்தது, பிரான்சையும் இத்தாலியையும் தாண்டி உலகத்திலேயே அதிகம் சிவப்பு வைன் குடிக்கும் நாடாக ஆனது. உண்மைதான். ஆனால் பிரான்சின் டிஜோன் நகரில் இருக்கும் ஓ.ஐ.வி. என்ற சர்வதேச வைன் அமைப்பின் கணக்கைப் பார்த்தால், 2023இல் சீனா குடித்த மொத்த வைன், சிவப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 68 கோடி லீட்டர், 2024இல் 55 கோடி லீட்டர். 2013இன் போத்தல்களை லீட்டராக மாற்றினால் சிவப்பு மட்டுமே 140 கோடி லீட்டர் வரும். இரண்டும் வேறு வேறு இடத்துக் கணக்கு, ஒன்றோடொன்று அச்சொட்டாகப் பொருத்த முடியாது, என்றாலும் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

அடுத்து, எந்தப் பெரிய எண்ணையும் தலைக்கணக்கால் பிரியுங்கள். 55 கோடி லீட்டரை 140 கோடிச் சனத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆண்டுக்கு நானூறு மில்லிலீட்டர், அதாவது ஒரு போத்தல்கூட இல்லை. 2013இல்கூடச் சிவப்பு வைன் ஆளுக்கு ஒன்றரைப் போத்தல் தேறவில்லை. பிரான்சில் வளர்ந்த ஒருவர் ஆண்டுக்கு நாற்பது லீட்டருக்கு மேல் குடிக்கிறார். இதைக் கேட்டவுடன் "அப்ப இன்னும் எவ்வளவு வளர இடம் இருக்கு!" என்று சிலர் துள்ளுவார்கள். அவசரப்படாதீர்கள். அவ்வளவு சனமும் ஏன் குடிக்கவில்லை, வாங்கியவர்கள் எதற்கு வாங்கினார்கள் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு ரூபாயும் போடக்கூடாது.

அந்தப் பதிலுக்குத்தான் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறக்கச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் கனடா மாமா கொண்டுவந்த ஒரு விஸ்கிப் போத்தல் ஏழு வருடம் நின்றது. அப்பா குடிப்பதில்லை. தங்க எழுத்துப் போட்ட பெட்டி, வெயில் படும் மூலை மட்டும் வெளுத்துப்போய், விமானநிலையக் கடையின் ஸ்டிக்கர்கூட உரிக்காமல், வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதைத் துடைத்துத் திரும்ப வைப்பார். வீட்டுக்கு வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அதுதான். கடைசியில் அக்காவின் கலியாணத்துக்கு ஓடியோடி உதவிய பக்கத்து வீட்டு மாமாவுக்கு அதைக் கொடுத்தோம், அவரும் அதைத் திறக்கவில்லை, வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். சீனாவில் நல்ல விலைக்குப் போன வைனில் பெரும்பங்கு இப்படிப்பட்ட போத்தல்தான். மரியாதைக்கு வாங்குகிறார்கள், மரியாதைக்குக் கொடுக்கிறார்கள், பெரியவர் இருக்கும் மேசையில் மரியாதைக்குத் திறக்கிறார்கள். அங்கே அதற்கு "மியென்ஸி" என்று ஒரு சொல் இருக்கிறது, நாங்கள் "முகம்" என்கிற அதே பொருள்தான்.

இந்த வழக்கம் எப்படி வைனுக்கு வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வந்த வழியாகவே அது போகவும் செய்தது. வைன் அங்கே புதிய பொருள் இல்லை. பினாங்கிலும் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவிலும் வியாபாரம் செய்து பணக்காரரான சாங் பிஷி என்பவர் 1892இலேயே யந்தாய் நகரில் சாங்யூ கம்பனியைத் தொடங்கிவிட்டார். ஆனால் விருந்து மேசையில் ராஜா எப்போதும் பைஜியூ, தானியத்தில் வடிக்கும் கடும் சாராயம். 1996இல் பிரதமர் லி பெங், தானியத்தைச் சாராயமாக்கி வீணாக்காமல் பழத்தில் செய்த வைனைக் குடியுங்கள் என்ற மாதிரிச் சிவப்பு வைன் கோப்பையைத் தூக்கிக் காட்டினார், அதிகாரிகள் பின்னாலேயே போனார்கள். 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு போத்தல் வைனுக்கான இறக்குமதி வரி 14 வீதத்துக்கு இறங்கியது, 2008இல் ஹொங்கொங் வைன் வரியை முழுவதும் எடுத்துவிட்டது. சிவப்பு அவர்களுக்கு மங்கல நிறம், சிவப்பு வைன் இருதயத்துக்கு நல்லது என்ற பேச்சும் சேர்ந்தது. அப்புறம் என்ன, காட்டுத்தீதான். பிரான்சின் லாஃபிட் நிறுவனம் 2008 அறுவடைப் போத்தலில் எட்டு என்ற சீன எழுத்தைப் பதிக்கப்போவதாக 2010இல் அறிவித்ததும் அதன் விலை எகிறியது. எட்டு அவர்களுக்குச் செல்வத்தின் எண்.

பிறகு 2012 டிசம்பரில் ஷி ஜின்பிங் தலைமையிலான ஆளும் கட்சி அதிகாரிகளின் விருந்துக்கும் பரிசுக்கும் கடிவாளம் போட்டது, விலைகூடிய போத்தல்களை வாங்க ஆள் குறைந்தது. கொரோனாவில் உணவகங்கள் மூடின. 2025 மே மாதத்தில் அரச வேலை விருந்துகளில் மதுவே கூடாது என்று விதியை இன்னும் இறுக்கினார்கள். மரியாதைக்காக வாங்கியவர்கள் ஒதுங்கியபோது, தாகத்துக்கு வாங்குகிறவர்கள் அந்த இடத்தை நிரப்புமளவுக்கு அங்கே வளர்ந்திருக்கவில்லை. என் கருத்தில் சீன வைன் கதையின் முழு முடிச்சும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

சரி, இவ்வளவும் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

முந்திரிகை வைனாக அனுப்பாதீர்கள். இதை நான் தம்பிக்கு முகத்துக்கு நேரே சொன்னேன், அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். இங்கே மது வடிக்க மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அது ஒன்று. அதைவிடப் பெரியது, அங்கே நிங்சியா சுயாட்சிப் பிரதேசத்தில் ஹெலான் மலையடிவாரத்து விவசாயிகள் குளிர் தொடங்கும்போது ஒவ்வொரு கொடியையும் வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் திரும்பத் தோண்டி எடுக்கிறார்கள், புதைக்காவிட்டால் உறைபனியில் கொடி செத்துவிடும். அந்தப் பாடுபட்டு அவர்கள் செய்த ஒரு சிவப்பு வைன் 2011இல் லண்டனில் நடந்த டிகாண்டர் வைன் போட்டியில் தன் பிரிவில் சர்வதேசக் கோப்பையையே வென்றது. அவர்களோடும் பிரான்சோடும் சிலியோடும் ஒரே தட்டில் நின்று போட்டி போட எங்கள் பந்தல் முந்திரிகையால் முடியாது. அது எங்கள் சந்தைக்கு நல்ல பழம், இங்கேயே நல்ல விலைக்குப் போகட்டும்.

எங்களிடம் இருப்பது நெல்லி. யாழ்ப்பாணத்து நெல்லி ரசத்தை, அந்தப் பழச்சாற்றுப் பானத்தை, தெரியாதவர் இங்கே யார்? தென்சீனாவிலும் நெல்லி விளைகிறது, யுன்னானிலும் குவாங்டொங்கிலும் சனம் அதைச் சாப்பிடுகிறது, அங்கே அதன் பெயருக்கே "பின்னால் எஞ்சும் இனிப்பு" என்று பொருள். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் வரும் அந்த இனிப்பைத்தான் அவர்களும் பெயராக வைத்திருக்கிறார்கள்! எனக்கு இதைப் படித்த அன்று உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. வைன்காரர்கள் பல வருடமாகப் பட்ட கஷ்டம், சீனர் வாயில் வைத்தே பார்க்காத ஐரோப்பியப் பழங்களின் பெயரைச் சொல்லிச் சுவையை விளக்கியது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, வாங்குகிறவரின் நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்த பழம் இது. மது இல்லாத பானம் என்பதால் அரச வேலை விருந்தில் மது கூடாது என்ற விதியும் இதைத் தொடாது.

பெயரில் கவனமாக இருங்கள். ஒரு போத்தல் அனுப்பும் முன்பே உங்கள் சீனப் பெயரை அங்கே வணிகக்குறியாகப் பதியுங்கள், முதலில் பதிகிறவருக்கே உரிமை என்பது அந்த நாட்டு வழக்கம். பிரான்சின் காஸ்டெல் குழுமத்தின் சீனப் பெயரை வேறொருவர் முந்திப் பதிந்து வைத்திருந்தார், வருடக்கணக்கில் வழக்காடிக் கடைசியில் கம்பனி வேறு பெயருக்கு மாறியது. நல்ல பெயர் கிடைத்தால் அதுவே பாதி வியாபாரம். ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் அங்கே "பென்ஃபூ", செல்வத்தை நோக்கி ஓடுவது என்று பொருள்படும். போத்தலில் சீனமொழி லேபிள் கட்டாயம், உற்பத்தி செய்யும் இடத்தைச் சீனச் சுங்கத்தில் பதிவதும் கட்டாயம், இவற்றுக்கு ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் கேட்டால் வழி காட்டுவார்கள்.

பெட்டிக்குக் காசு செலவழியுங்கள். சிவப்பும் பொன்னிறமும், இரட்டையாக அடுக்கிய போத்தல்கள், சீனப் புத்தாண்டுக்கும் இலையுதிர்கால நிலா விழாவுக்கும் முன்பே கடைக்குப் போய்ச் சேரவேண்டும். நான்கு போத்தல் பெட்டி வேண்டாம், நான்கு என்ற சொல் அவர்கள் காதில் சாவு என்ற சொல்போல் விழும்.

ஒரே வாடிக்கையாளரை நம்பி முழுத் தோட்டத்தையும் மாற்றாதீர்கள். இதில் நான் பிடிவாதமாக நிற்பேன். ஆஸ்திரேலியாக்காரர் சீனாவை நம்பிச் சிவப்பு வைனுக்கான முந்திரிகைக் கொடியாக நட்டார்கள், 2020 நவம்பரில் அரசியல் பிணக்கில் சீனா வரி போட்டது, அடுத்த மார்ச்சில் அது சில கம்பனிகளுக்கு 218 வீதம் வரை உறுதியானது, 2024 மார்ச் கடைசியில்தான் எடுத்தார்கள், அதற்குள் எத்தனையோ பேர் கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். எங்களுக்கும் இது தெரியாத பாடம் இல்லை, திருவிதாங்கூர், அதாவது இன்றைய கேரளத்துச் சந்தையை நம்பி இருந்த யாழ்ப்பாணப் புகையிலைக்கு அந்தச் சந்தை கைவிட்டபோது என்ன நடந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள்.

அதனால் கொன்டெய்னரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். கொழும்பில் வேலை செய்யும் சீனக் குடும்பங்கள் இருக்கின்றன, முதலில் அவர்கள் மேசைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு கையாலும் கொடுங்கள், வீட்டில் மூத்தவருக்கு முதலில் ஊற்றுங்கள், கோப்பையை முட்டும்போது உங்கள் விளிம்பு அவருடையதைவிடக் கீழே இருக்கட்டும். பிறகு பேசாமல் இருந்து, இரண்டாவது மிடறு குடிக்கிறாரா, போத்தலைத் திருப்பி லேபிளைப் பார்க்கிறாரா, இதை யாருக்குக் கொடுப்பேன் என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். மூன்றாவதைச் சொன்னால் குறித்து வையுங்கள், யாருக்கு என்பதையும் சேர்த்து.

தம்பி அடுத்த கிழமை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறார். எட்டுப் போத்தல் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.