குரோஷே பூ: இதழ் அழகாக வந்தும் பூ ஏன் பிரிகிறது?

இதழ் சரியாக வரவில்லையே என்றுதான் குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை) பழகுகிறவர்கள் கவலைப்படுகிறார்கள். ஆனால் பிரிந்துபோன பூ எதையாவது திருப்பிப் பாருங்கள், கோளாறு பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

நடுவில் போடும் மேஜிக் ரிங்கையே, அதாவது நூலை இழுத்தால் மூடிக்கொள்ளும் தொடக்க வளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தை இழுத்து மூடியதும் மிச்ச நூலை ஒட்ட நறுக்கிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஒரு முடிச்சோடு விட்டுவிடுகிறார்கள். அக்ரிலிக் நூல் வழுக்கும். முடிச்சு மெல்ல நழுவி நடுவில் ஓட்டை விழும். தொடக்கத்திலேயே 15 செ.மீ. நூலாவது விட்டுவையுங்கள். அதை மழுங்கிய ஊசியில் கோத்து, வளையத்தின் அடியில் ஒரு முழுச்சுற்று நுழையுங்கள். அப்புறம் திரும்பி எதிர்த்திசையில் இன்னொரு சுற்று. இந்தத் திரும்பல்தான் பிடிமானம். ஒரே திசையில் எத்தனை சுற்று போட்டாலும் இழுத்தால் வந்துவிடும்.

இதழ்களை நீளப் பட்டையாகப் பின்னிச் சுருட்டி வைக்கும் ரோஜாவுக்கும் இதே கதைதான். பட்டை தானாகச் சுருள்கிறதே என்று பயந்து சிலர் இஸ்திரி போடுகிறார்கள். சுருள்வது நல்லது, விட்டுவிடுங்கள். அக்ரிலிக்கில் சூடு பட்டால் இதழ் தொய்ந்து பளபளத்துவிடும், பழையபடி ஆகாது. சின்ன இதழ் இருக்கும் முனையிலிருந்து ஆரம்பித்து, முதல் இரண்டு மூன்று இதழ்களை இறுக்கமாகவும் மற்றதைத் தளர்வாகவும் சுற்றுங்கள். எல்லாம் சுற்றி முடித்த பிறகு தைத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மொட்டு நடுவிலிருந்து துருத்திக்கொண்டு வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் ஒரு தையல் போட்டு, கடைசியில் எல்லா அடுக்கையும் துளைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையுங்கள்.

வீடியோ பார்த்துப் பின்னுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்கிற பின்னலுக்கு பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்று பெயர். மாற்றிப் பின்னினால் இதழின் உயரமே மாறிவிடும். குறிப்பில் எங்காவது ‘சிங்கிள் குரோஷே’ என்று வந்தால் அது அமெரிக்க முறை.

பூ தொளதொளவென்று இருந்தால் பின்னும் கொக்கி ஊசியை மாற்றுங்கள். நூல் லேபிளில் 4 மி.மீ. என்று போட்டிருந்தால் பூவுக்கு 3 அல்லது 3.5 எடுப்பது நல்லது. இதழ் விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் என் ஓட்டு பருத்தி நூலுக்குத்தான். அரிசிக் கஞ்சி போட்டால் இன்னும் நன்றாக நிற்கும். அடர்சிவப்புப் பருத்தியை வெள்ளையோடு சேர்ப்பதற்கு முன் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம்.

ஹேர் கிளிப்பில் பூவை வெறும் சூடான பசையால் ஒட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமான தவறு. அவ்வளவு நேரம் பின்னிய பூ, வெயிலில் பசை இளகி எங்கோ விழுந்துவிடுகிறது. வட்டமாக வெட்டிய ஃபெல்ட் துணியில் சிறு கீறல் போட்டு, கிளிப்பின் மேல்பக்கத்தை அதில் நுழையுங்கள். துணிக்கும் பூவுக்கும் நடுவில் கிளிப் மாட்டிக்கொள்ளும்படி விளிம்பைச் சுற்றித் தைத்துவிடுங்கள். கைக்குழந்தையின் ஹேர்பேண்ட் என்றால் நடுவில் மணி வைக்கவே வேண்டாம். பிய்ந்து வந்தால் நேராக வாய்க்குத்தான் போகும். மஞ்சள் நூலில் ஒரு முடிச்சு போதும்.