பழைய ரயில் பாதையை மீட்கக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை–போடி பாதையில் 2010 கடைசியோடு மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அகலப் பாதையில் ரயில் திரும்பி வர, தேனிக்கு 2022, போடிக்கு 2023 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் புழக்கம் இல்லாமல் போன ஓட்டுக் கட்டடங்களையும் கல்பாலங்களையும் காப்பாற்ற வேண்டும் என்று இப்போது இளைஞர்கள் வருகிறார்கள். குரங்கணிக்கு மேலே, மூணாறிலிருந்து கிளம்பி டாப் ஸ்டேஷனில் முடிந்த குண்டளை ரயிலின் மிச்சத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எங்கள் காலத்துக் குழுக்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. ரசீது வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரயில்வேக்கு உள்ள உரிமை நமக்கும் உண்டு என்று நினைப்பது

தன் பாதைக்குத் தேவையான வேலைகளைச் செய்துகொள்ள 1989 ரயில்வே சட்டத்தின் 11ஆம் பிரிவு ரயில்வே நிர்வாகத்துக்குப் பெரிய அதிகாரம் கொடுத்திருக்கிறது. குத்தகைக்கு எடுத்த சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ அது வராது. பழைய ஸ்டேஷனை அருங்காட்சியகமாகவோ டீக்கடையாகவோ மாற்ற நினைத்தால் ரயில்வேயின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும், உள்ளாட்சியிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கும் முன்னால், நிலத்தின் அளவைக் காட்டும் புலப்பட நகலையும் அது யாருடையது என்று சொல்லும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். ரயில் ஓடிய இடமெல்லாம் இன்னும் ரயில்வே நிலம்தான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

குண்டளைப் பாதையே சாட்சி. 1902இல் ஒற்றைத் தண்டவாளமாக ஆரம்பித்தார்கள், 1908இல் நேரோகேஜாக மாற்றினார்கள், 1924 வெள்ளம் மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போனது. நூறு வருஷமாக அங்கே ரயில் இல்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அந்தச் சரிவு இன்றைக்குக் காடு. காப்புக்காட்டில் ஒரு தூண் நட வேண்டும் என்றாலும் 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், விண்ணப்பம் பரிவேஷ் என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாகத்தான் போகும். மேலே கேரளம், கீழே தமிழ்நாடு என்பதால் இரண்டு வனத்துறையிடமும் பேச வேண்டியிருக்கும். அளவெடுக்கத்தானே போகிறோம் என்று அனுமதி இல்லாமல் ஏறிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பதை இந்த ஜில்லாவில் யாரும் மறக்கவில்லை.

முதலில் சுத்தம், அப்புறம் அனுமதி

எனக்கு இன்னும் ஆறாத தவறு இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்து வருஷம் ஆள் நடமாட்டம் இல்லாத ரயில் கரை எப்படி இருக்கும்? சீமைக் கருவேலம் மண்டி, கல்பாலத்தின் வாய் தெரியாமல் கிடக்கும். பார்த்த உடனே யாருக்கும் தோன்றுவது, ஒரு ஜேசிபியைக் கூப்பிட்டு ரெண்டு நாளில் வழித்துவிட்டால் அதிகாரிகள் வந்து பார்க்கும்போது இடம் பளிச்சென்று இருக்குமே என்பதுதான். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவு போட்டதே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியமும் கூடவே வரும். அந்த உத்தரவுக்கு 2017இலேயே அதே உயர் நீதிமன்றம் ஒரு கட்டத்தில் இடைக்காலத் தடை போட்டதை யாரும் கடைசி வரை படிப்பதில்லை. அப்படியே உத்தரவு இருந்தாலும், அது மரத்தைப் பற்றியது. மரத்தடியில் குடியிருப்பதைப் பற்றியது அல்ல.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கல்பாலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல பையன்கள், சொந்தக் காசு போட்டு வந்தவர்கள். அங்கே ஆடு மேய்க்கிற பெரியவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, பாலத்துக்கு அடியில உடும்பு கிடக்கு. அந்தப் பக்கம் மயில் அடை உக்காந்திருக்கு. ஒரு மாசம் பொறுத்து வாங்கப்பா." சரிங்கய்யா என்று தலையாட்டிவிட்டு மறுநாள் காலையில் வண்டியை இறக்கிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கரை மொட்டையாக இருந்தது. புரட்டிப்போட்ட மண்ணில் மயில் முட்டை ஓடு, வெளிறிய மஞ்சளில், கருவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பெட்டை மயில் போகவில்லை. ஜேசிபி நிற்கிற இடத்தையே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

மயிலும் உடும்பும் 1972 வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்பு உள்ள உயிரினங்களின் பட்டியலில், உள்ளவை. 'வேட்டை' என்றால் துப்பாக்கி எடுத்தால்தான் என்று நினைக்கிறார்கள். பறவை, ஊர்வன இவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட அந்தச் சட்டப்படி வேட்டைதான். முதல் அட்டவணை உயிரினம் என்றால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. நம் இடம், நம் புதர் என்ற பேச்செல்லாம் அங்கே நிற்காது. வண்டியைப் பிடித்து வைத்தார்கள். வேலை நின்றது. பையன்கள் வனச்சரக அலுவலகத்துக்கும் வக்கீல் வீட்டுக்குமாக அலைந்தார்கள்.

அதோடு முடியவில்லை. அனுமதி கேட்கும்போது இங்கே என்னென்ன உயிர்கள் இருந்தன, அவற்றுக்கு என்ன ஏற்பாடு செய்யப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் மண்ணுக்குள். பழைய மைல்கல், தண்டவாளத்தைத் தாங்கிய இரும்பு ஸ்லீப்பர், எல்லைக்கல் எல்லாமும் அந்த மண்ணோடுதான் போயின. எதை மீட்க வந்தார்களோ அதையே புதைத்தார்கள். ஐப்பசி மழையில், வேர் பிடிமானம் போன கரை பாலத்தின் வாய்க்குள் சரிந்தது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கத்தி வைக்கும் முன் பாதை நெடுக நடந்து, ஒவ்வொரு பொந்தையும் புதரையும் படம் எடுத்து எண் போடுங்கள். உயிரினம் தெரிந்த ஒருவரும் ஊர்க்காரர் ஒருவரும் கூட இருக்கட்டும். வனத்துறைக்குக் கடிதம் கொடுத்துப் பதில் வாங்குங்கள். வெட்டும்போது அரிவாளால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் போங்கள், உள்ளே இருப்பது வெளியேற வழி இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆள் விடாதீர்கள். வேரைப் பிடுங்க வேண்டாம், கரைக்குக் கல் கட்டுகிற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும். மயில் முட்டை பொரிக்க 28 நாள் ஆகும். அடை கண்டால் அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு வேறு பக்கம் வேலை பாருங்கள்.

கோடையில் மட்டும் பார்ப்பது

பங்குனி வெயிலில் போய்விட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதாதீர்கள். கரை போட மண் எடுத்த பள்ளங்களில் மழைக்குப் பிறகுதான் தண்ணீர் நிற்கும், தவளை கத்தும், பறவை வரும். கார்த்திகையில் இன்னொரு முறை போய் வந்தால்தான் அறிக்கை முழுசு.

ஓட்டையைக் கண்டால் சிமெண்ட் பூசுவது

சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசுவதே சுவருக்குக் கெடுதல். அந்த ஓட்டையில் புள்ளி ஆந்தை குஞ்சோடு இருந்தால் உயிரோடு சமாதி. அடைக்கும் முன் கீழே பாருங்கள். கட்டைவிரல் அளவு சாம்பல் நிற உருண்டை கிடந்தால், பிட்டுப் பாருங்கள். எலி முடி, நடுவில் வெள்ளையாகச் சின்ன மண்டையோடு, பல்லோடு இருக்கும். மேலே கூகையோ ஆந்தையோ குடியிருக்கிறது என்று அர்த்தம். எலிப் புழுக்கை மாதிரித் தெரிவதைக் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். எலியுடையது கெட்டியாக இருக்கும். பூச்சி தின்னும் வௌவாலுடையது பொடிப்பொடியாக உதிரும், உள்ளே பூச்சி இறகு மினுங்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்யுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வௌவால் என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று. உலகத்திலேயே அரிதான பழந்தின்னி வௌவால்களில் ஒன்று, பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலியின் பெயர் வைத்தது, 1948இல் முதலில் பிடிபட்டது நம் மேகமலையில்தான். அதே மேகமலைதான் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது.

தொல்லியல் எல்லை

திருப்பரங்குன்றம், சமணமலை மாதிரி மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்தை ஒட்டி என்றால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கிடையாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு முன் அனுமதி.

அலங்கார விளக்கு

ராத்திரி முழுக்க எரிய விடாதீர்கள்.

பனை

2021 முதல் கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது.

அனுமதி ஆணையின் கடைசிப் பக்கம்

ஆணை கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். நிபந்தனைகள் கடைசியில் இருக்கும். இரவில் வேலை செய்யலாமா, வெட்டிய மண்ணை எங்கே கொட்டலாம் என்பது வரை அதில் எழுதியிருப்பார்கள். வேலைக்கு வரும் மேஸ்திரிக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டி, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.